ஸ்தனிஸ்லாஸ் படிக்காமல் படித்த அத்தியாயங்கள்

சாந்தோம் கோயிலுக்குப் பின்னால், கடல் இரைச்சல் கேட்கிற வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்த ஸ்தனிஸ்லாஸுக்கு எந்நாளும் மூன்று புத்தகங்கள் நடப்பில் இருக்கும். ஒன்று காக்கிச் சட்டைப் பைக்கு. அது மெலிந்த துப்பறியும் கதையாக இருக்க வேண்டும். டிராம் ஓட்டும்போது விலாவில் குத்தக் கூடாது. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைக்கு உள்ளது, அர்ச்சியசிஷ்டவர்கள் என்கிற புனிதர்களின் சரித்திரம். அதை எத்தனையோ தடவை முடித்தாயிற்று. இருந்தும் மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்குவார், வேதத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சிகளில் யாராவது ஒருவர் தப்பிப் போன இடத்தைப் போன தடவை தாம் கவனிக்காமல் விட்டுவிட்டது போல. மூன்றாவதுதான் பெரியது. விளக்கு வைத்தபின் வீட்டில் உரக்கப் படிப்பதற்கு.

உரக்கப் படிக்கும் வழக்கம் மண்ணெண்ணெயால் வந்தது. யுத்தம் முடிந்துவிட்டதென்று பத்திரிகைகள் எழுதின; ரேஷன் கடைக்கு மட்டும் அந்தச் சேதி இன்னும் எட்டவில்லை. ஆகவே பக்கத்து வீட்டு வால்டரும் அவன் பெண்சாதி மர்சலினும் தங்கள் விளக்கை ஏற்றாமல் இங்கே வந்துவிடுவார்கள். இன்று இவர்கள் எண்ணெய் என்றால் நாளை அவர்கள் எண்ணெய். ஓர் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் ஒருவர்தான் படிக்க முடியும், மற்றவர்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஸ்தனிஸ்லாஸின் மனைவி ஆனி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு ரேஷன் அரிசியில் கல் பொறுக்குவாள். மர்சலின் தலையணை உறைக்கு லேஸ் பின்னுவாள். அடையாற்றில் ஒரு துரை பங்களாவில் சமையல் செய்யும் வால்டர் காலை நீட்டிக்கொண்டு, கேட்பதோடு நில்லாமல் குற்றமும் கண்டுபிடிப்பான்.

அந்தக் கார்த்திகைக்கு வாய்த்தது பர்மா கதை. லஸ் முனையில் ஒரு படுதாவைக் கட்டி, அதன் கீழே மேஜை போட்டுப் புத்தகங்களை வாடகைக்கு விடும் இனாயத் பாய், ஒரு வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து அட்டை போட்டு வைத்திருந்தார். கதாநாயகி தேவகி ரங்கூனிலிருந்து தன் தகப்பனாரோடு குண்டு வீச்சுக்குத் தப்பி நடந்தே ஊர் திரும்புகிறாள். பழுப்புக் காகிதம், பொடி எழுத்து. நடுநடுவே பல்பொடி விளம்பரம். இருந்தாலும் என்ன, தேவகி ஆற்றைக் கடந்த அன்றைக்கு மர்சலினின் ஊசி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஸ்தனிஸ்லாஸுக்குக் கண் போயிற்று.

ஒரு மழை நாளில் இனாயத் பாயின் கடையில் சட்டைப் பைக்குக் கதை மாற்றிக்கொண்டு வந்தார். மறுநாள் விடியற்காலையில் டிராம் புறப்படுமுன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தால், எழுத்தெல்லாம் எறும்புச் சாரி. தலைப்பு மட்டும் தெரிந்தது. புத்தகத்தைத் தள்ளிப் பிடித்தார். இன்னும் தள்ளினார். கை அதற்கு மேல் நீளவில்லை. பனியாக இருக்கும் என்று கண்ணாடியைத் துடைத்தார். கண்ணைத் துடைத்தார். எறும்புகள் கலையவில்லை.

விசித்திரம் என்னவென்றால் டிராம் ஓட்டுவதில் ஒரு குறையும் இல்லை. ராயப்பேட்டை மணிக்கூண்டு முள் எப்போதும்போல் தூரத்திலிருந்தே தெரிந்தது. தண்டவாளத்தின் குறுக்கே போன கோழியும் தெரிந்தது. சாலையைப் பார்க்க அவருக்குக் கண்ணாடி என்றுமே வேண்டியதில்லை, வெள்ளெழுத்துக்குத்தான் அது. ஆனால் ராயபுரத்தில் இருந்த அவருடைய அண்ணனுக்கும் முதலில் கிட்டத்து எழுத்துதான் மங்கியது. பிறகு முகம் மங்கியது. கடைசியில் வாசற்படி மங்கி, தடியோடு நின்றார். ஆகவே இன்றைக்கு எழுத்து, நாளைக்கு மணிக்கூண்டு என்று ஸ்தனிஸ்லாஸ் தாமே தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

யாரிடமும் சொல்லவில்லை. கண் மங்கிய டிராம்காரனைக் கம்பெனி ஒரு நாள்கூட வைத்திருக்காது. கண்ணாடியும் விற்கிற இனாயத் பாயிடம் போய் வேறு பார்க்கலாமென்றால், அந்த மேஜைக்கு அடுத்தாற்போல் டீக்கடை, அதில் எந்நேரமும் டிராம் ஆட்கள். அதோடு, அண்ணனைப்போல் புரை விழுந்த கண்ணுக்குக் கண்ணாடி மாற்றி என்ன பிரயோசனம்? வேலை போனாலும் போகட்டும், இன்னும் கொஞ்ச காலத்தில் எப்படியும் ஓய்வுதான். ஓய்வுக்கென்று அவர் சேர்த்து வைத்திருந்த ஆசை ஒன்றே ஒன்று. நாள் முழுக்கப் படிப்பது. அதற்குத்தான் இப்படி மண் விழுந்தது.

ஆனியிடம் தினமும் பொன்னாங்கண்ணிக் கீரை கேட்டார். கிறிஸ்மஸுக்கு முந்தின ஒறுத்தல் காலத்தில் மீனைக் குறைக்கிறார் போலிருக்கிறது என்று அவளும் பக்தியோடு சமைத்துப் போட்டாள்.

எழுத்து மங்கிய அன்றே சாயங்காலம் விளக்கு ஏற்றியாயிற்று. முறம் வந்தது, ஊசி வந்தது, வால்டரின் கால்களும் வந்தன. மழையால் முந்தின நாள் படிப்பு நடக்கவில்லை; அதற்கு முந்தின நாள் விட்ட இடத்தில் தேவகியின் தகப்பனாருக்குக் காட்டில் கடும் காய்ச்சல் கண்டிருந்தது.

"படிங்க அண்ணே. அந்தப் பெரியவருக்கு இன்னா ஆச்சோன்னு எனக்குக் காலைலேர்ந்து மனசே சரியில்ல" என்றாள் மர்சலின்.

ஸ்தனிஸ்லாஸ் புத்தகத்தை உயர்த்திப் பிடித்தார். எறும்புகள் ஊர்ந்தன. மூன்று பேர் மூச்சும் அந்தச் சின்ன அறையில் காத்துக்கொண்டிருந்தது. அவர் தொண்டையைக் கனைத்தார்.

"மறுநாள் காலையில் காய்ச்சல் சற்றுத் தணிந்திருந்தது" என்று படித்தார்.

அப்படி ஒரு வரி அந்தப் புத்தகத்தில் இருக்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. ஆனால் சொல்லிவிட்டார், மர்சலின் சிலுவை போட்டுக்கொண்டாள். அதன்பிறகு எங்கே திரும்பிப் போவது? தேவகி ஒரு பாழடைந்த பங்களாவைக் கண்டுபிடித்தாள். அதில் கட்டில் இருந்தது. கிணறு இருந்தது. இத்தனை காலம் படித்த கதைகளிலிருந்து ஒவ்வொரு சாமானாக எடுத்து அந்தப் பங்களாவில் போட்டார்.

கொஞ்ச நாளிலேயே சிக்கல் தெரிந்தது. படிக்கிறவராகவே வாழ்ந்தவருக்குக் கதையை எப்படி நடத்துவது என்று தெரியவில்லை. யாரையும் சாகடிக்க மனம் வரவில்லை. ஆற்றைக் கடக்கவிட்டால் முதலை வருமோ என்று பயம். ஆகவே தேவகியும் தகப்பனாரும் பங்களாவை விட்டு நகராமல் தினமும் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

"இன்னா அண்ணே இது? காய்ச்சல்காரக் கெழவரு இப்ப இன்னாடான்னா இட்லி துன்னுகினு கீறாரு?" என்றான் வால்டர்.

"காய்ச்சல்காரன் இட்லி துன்னாம வேற இன்னா துன்னுவான்?"

"துன்னட்டும், வாணாம்னு சொல்லல. பர்மா காட்டுல உளுந்தை எவன் அரைச்சான்? அதைச் சொல்லு."

"கூட நடந்து வந்த பொம்பளைங்க."

"அடங்கப்பா! ஆட்டுக்கல்லைத் தலைல வச்சிக்கினா ரங்கூன்லேர்ந்து நடந்தாங்க?"

"நீ சும்மா கேளு வால்டரு" என்று ஆனி அதட்டினாள். "எழுதினவன் பார்க்காமலா எழுதியிருப்பான்? உனக்குத் துரை வூட்டு அடுப்புதான் உலகம்."

ஸ்தனிஸ்லாஸுக்கு வியர்த்தது. மார்கழிக் குளிரில் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இப்போதெல்லாம் விளக்கு வைக்கிற நேரம் நெருங்கினால் அவர் சுற்று வழியாக நடந்து வீட்டுக்கு வந்தார். முன்பு அந்த நேரத்துக்காகவே நாளை ஓட்டியவர். சட்டைப் பையில் துப்பறியும் கதை பிரிக்காமலே கிடந்தது; கொலை செய்தவன் யாரென்று தெரியாமலே வாழப் பழக வேண்டும் போலிருந்தது.

கிறிஸ்மஸுக்கு முந்தின சனிக்கிழமை, லீவு நாள். எல்லாரையும்போல் அவரும் மத்தியானம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயிலுக்குப் போனார். வழக்கமான பாவங்கள் தடையில்லாமல் வந்தன: கண்டக்டரைத் திட்டியது, பூசையில் கொட்டாவி விட்டது. பிறகு நின்றார்.

"வேற?" என்றது மறைப்புக்கு அந்தப் பக்கமிருந்து பங்குச் சாமியாரின் குரல்.

"ஒரு பொய் கீது சாமி. நெறைய நாளா சொல்லிக்கினு வரேன். கதைப் புஸ்தகத்தைப் படிக்கிற மாதிரி கையில வச்சிக்கினு, அதுல இல்லாததைச் சொல்றேன்."

"இல்லாததுன்னா?"

"நானா கட்டினது சாமி."

"புஸ்தகத்துல இருக்கிறது மட்டும் நிஜமா நடந்ததாக்கும்?"

ஸ்தனிஸ்லாஸ் யோசித்தார். "இல்ல சாமி. அதுவும் கட்டினதுதான். ஆனா அது அச்சுல கீதே."

சாமியார் இருமினார், அது முழுக்க இருமல்தானா என்று சொல்ல முடியாது.

"கேட்கிறவங்க அச்சுல உள்ளதுன்னு நம்பித்தானே கேட்கிறாங்க?"

"ஆமாம் சாமி. ஒரு அம்மா சிலுவை எல்லாம் போடுது."

"அப்போ பாவந்தான். பரிகாரம் சொல்றேன், கேட்டுக்கோ. மாதாவுக்கு மூணு பிரியதத்த மந்திரம். அப்புறம் எந்த இடத்திலே பொய்யை ஆரம்பிச்சியோ அதே இடத்திலிருந்து, புஸ்தகத்திலே உள்ளபடி, ஒரு வரி விடாம அவங்களுக்கு வாசிச்சுக் காட்டணும். கிறிஸ்மஸுக்கு முன்னாலே ஆரம்பிச்சிடு."

மூன்று மந்திரத்தையும் ஸ்தனிஸ்லாஸ் முழந்தாளிட்டு அங்கேயே முடித்தார். மிச்சம்? கடலில் மீன் பிடித்து வா என்று சொல்லியிருந்தால் போயிருப்பார். உபவாசம் இரு என்றால் இருந்திருப்பார். படி என்று சொல்லிவிட்டாரே. பரிகாரம் செய்யாமல் கிறிஸ்மஸ் பூசையில் போய் நன்மை அப்பம் வாங்க நாக்கை நீட்ட அவருக்குத் தைரியம் கிடையாது. கண் தெரியவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் எதைச் சொல்லக் கூடாதென்று இத்தனை நாள் இட்லி அவித்தாரோ, அதையே சொல்ல வேண்டிவரும்.

வீட்டுக்குப் போய்ப் பர்மா புத்தகத்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே லஸ்ஸுக்கு நடந்தார். பார்க்கிறவன் பார்க்கட்டும். கம்பெனிக்குத் தெரிந்தால் தெரியட்டும்.

இனாயத் பாய் படுதாவின் கீழே ஒரு கதைப் புத்தகத்துக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். புத்தகத்தோடு மூக்குக்கண்ணாடியும் அவர் வியாபாரம்தான். மேஜை ஓரத்தில் ஒரு தட்டு. வருகிறவர்கள் ஏதாவது ஒரு புத்தகத்தைப் பிரித்து, கண்ணாடிகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, எழுத்து தெரிவதை வாங்கிக்கொள்ள வேண்டியது. யுத்தத்தில் சாமான் வராததால் எல்லாக் கண்ணாடிக்கும் ஒரே வட்டச் சட்டம்.

"வாங்க நைனா! பர்மா முடிஞ்சுதா? ரெண்டு பேரு கேட்டுகினு கீறாங்க" என்றார்.

"பாய், எனக்குக் கண்ணு போச்சு."

இவ்வளவு நாள் அடைத்து வைத்த வாக்கியம் மூன்றே சொல்லில் வெளியே வந்து விழுந்தது. டீக்கடையில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"யா அல்லா. எங்கே, இத்தைப் போட்டுப் பாரு" என்று தட்டைத் தள்ளினார் இனாயத். ஸ்தனிஸ்லாஸ் எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்தார். எறும்பு, எறும்பு, கொஞ்சம் கொழுத்த எறும்பு.

"பெரிய பவர் சரக்கு தீர்ந்து போச்சு. இரு, இது உன் பவர்தான்" என்று சொல்லி இனாயத் தம் மூக்கிலிருந்ததைக் கழற்றி, பசைக் கையோடு ஸ்தனிஸ்லாஸின் காதுகளில் மாட்டினார்.

புத்தகத்தில் எழுத்து இருந்தது.

கொம்பு கொம்பாக, சுழி சுழியாக, ஒவ்வொரு புள்ளியும் அதனதன் தலையில் உட்கார்ந்திருந்தது. ஒரு வரியைப் படித்தார். அடுத்ததைப் படித்தார். பல்பொடி விளம்பரத்தைப் படித்தார். ஈறு கெட்டிப்படும் என்று போட்டிருந்தது. அதைத் திரும்பவும் உரக்கப் படித்தார்.

"ஏன்யா அழுவுறே? பல்பொடிக்கா?" என்றார் இனாயத்.

"பாய், தெரியுது பாய்!"

"தெரியாம? போன வருஷம் இதே பவர்தானே உனக்குக் கொடுத்தேன். உன்னுது எங்கே, குடு." ஸ்தனிஸ்லாஸின் கண்ணாடியை வாங்கி ஒரு பக்கத்தின் மேல் பிடித்து ஏற்றி இறக்கினார் இனாயத். எழுத்து பெரிதாகவே மாட்டேன் என்றது. "அரே, இது உன்னுது இல்லை! இது சின்னப் பவர். தி.நகர் ஜவுளிக்கடைக்காரர் ஒருத்தர் வருவாரே, சிதம்பரநாதன், அவருக்குக் கொடுத்தது."

அப்புறம்தான் இருவருக்கும் அந்த மழை ஞாபகம் வந்தது. படுதா கிழிந்து தண்ணீர் மேஜைமேல் கொட்டிய நாள். கடையில் நின்றவர்கள் எல்லாரும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் புத்தகங்களை வாரிக் காப்பாற்றினார்கள். பிறகு கைக்கு வந்த வட்டத்தை எடுத்து மாட்டிக்கொண்டு ஓடினார்கள்.

"அவரும் அன்னைலேர்ந்து வரலை. தலைவலி, இனிமே புஸ்தகம் வாணாம்னு ஆள்கிட்ட சொல்லி அனுப்பிட்டாரு" என்றார் இனாயத். அதற்குள் ஸ்தனிஸ்லாஸ் பஸ்ஸுக்கு ஓடியாயிற்று. இனாயத் பின்னாலேயே கத்தினார்: "யோவ்! என் கண்ணாடி!"

திரும்பி ஓடிவந்து அதைக் கொடுத்துவிட்டு, ஜவுளிக்கடைக்காரருடையதை வாங்கிக்கொண்டு போனார்.

பனகல் பார்க்குக்குப் பக்கத்தில் இருந்தது சிதம்பரநாதனின் கடை. திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், நாற்பது வயது இருக்கலாம். தலையில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு, ஒரு சீட்டித் துணியை மூக்கில் இடிக்கிற மாதிரி பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கின்மேல் ஸ்தனிஸ்லாஸின் கண்ணாடி.

"வாங்க அண்ணாச்சி, உக்காருங்க. கிறிஸ்மஸுக்குத் துணியா? ரேஷன் கார்டு இருக்கில்லா?"

"துணி வாணாங்க. உங்க மூக்குல கீறது என்னுது."

சிதம்பரநாதன் தலைத்துண்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஸ்தனிஸ்லாஸ் விஷயத்தைச் சொல்லி, தம் கையிலிருந்ததை நீட்டினார். இருவரும் மாற்றி மாட்டிக்கொண்டார்கள். ஒருவர் விலைச்சீட்டைப் பார்த்தார், மற்றவர் புத்தகத்தைப் பார்த்தார்.

"யாத்தே!" என்றார் சிதம்பரநாதன். "மண்டையைப் பொளந்து போட்டுட்டே வே இந்தக் கண்ணாடி! வைத்தியரு சூடுன்னாரு. எண்ணெ தேச்சுக் குளிச்சுக் குளிச்சுச் சளி பிடிச்சதுதான் மிச்சம். பொன்னாங்கண்ணியைத் தின்னு தின்னு நாக்கே பச்சையாப் போச்சு."

"உங்களுக்குமா?"

"உமக்குமா? சரியாப் போச்சு போங்க!" அவர் சிரித்த சிரிப்பில் துண்டு அவிழ்ந்து விழுந்தது. பிறகு திடீரென்று முகம் யோசனையாயிற்று. "திருச்செந்தூருக்கு வெள்ளியிலே கண்மலர் நேர்ந்திருக்கேன் அண்ணாச்சி, கண்ணு தெளிஞ்சா சாத்துதேன்னு. இப்போ தெளிஞ்சிட்டே. சாத்தணுமா, வேண்டாமா?"

"அது உங்க இஷ்டங்க. என்னை இங்கே தொரத்தினது எங்க சாமியாரு."

"யாரு தொரத்துனா என்ன, வந்துட்டியள்ளா. சாத்திருதேன்" என்று சொல்லிவிட்டு, ஸ்தனிஸ்லாஸின் கக்கத்துப் புத்தகத்தை எட்டிப் பார்த்தார். "அது பர்மாதானே? முடிச்சதும் எனக்குச் சொல்லுங்க. யாருக்கும் விட்டுராதீங்க."

பனகல் பார்க் பெஞ்சில் உட்கார்ந்து, வெயில் இறங்குமுன் ஸ்தனிஸ்லாஸ் விட்ட இடத்தைப் பிரித்தார். முதல் பாராவிலேயே தேவகியின் தகப்பனார் செத்துப்போனார். காய்ச்சல் தணியவே இல்லை. பங்களாவும் இல்லை, கிணறும் இல்லை. அவருக்கு அந்தக் கிழவர் மேல் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வருத்தம் எவ்வளவு துலக்கமாக அச்சாகியிருந்தது! நடந்தே வீட்டுக்கு வந்தார். வழியில் கடைப் பலகைகள், சுவரொட்டிகள், கடலை மடித்த காகிதம் ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டு வந்தார்.

விளக்கு ஏற்றியதும் அவர் புத்தகத்தைப் பிரிக்கவில்லை. முதலில் சொல்லிவிட்டார். கண், மழை, இனாயத் பாய், ஜவுளிக்கடை, காய்ச்சல் தணிந்த வரியிலிருந்து எல்லாம் தம்முடைய கற்பனை என்பது.

வால்டர் துள்ளி உட்கார்ந்தான். "நான் சொல்லல? நான் அப்பவே சொல்லல? ஆட்டுக்கல்லு! மர்சலினு, நீயே சொல்லு, ஆட்டுக்கல்லுன்னு கேட்டனா இல்லியா?"

"சும்மா கெட" என்ற மர்சலின் ஸ்தனிஸ்லாஸைப் பார்த்தாள். "அப்ப அந்தப் பெரியவரு?"

"செத்துட்டாரும்மா. அன்னைக்கே."

ஆனி முறத்தைக் கீழே வைத்தாள். "கண்ணு தெரியலைன்னு சொல்ல வாய் வரலை. இட்லி அவிக்க மட்டும் வாய் வந்துச்சா? நான் இன்னா உன்னை வூட்டை வுட்டா தொரத்திடுவேன்? கீரையா கேட்டுக் கேட்டு, நான் பக்தின்னு நெனச்சேன், பாவி." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "சரி, படி. சாமியார் சொன்னதைச் செய்யி."

அவர் படித்தார். தகப்பனாரின் கையைத் தேவகி பிடித்துக்கொண்டிருக்கிறாள். காட்டில் விறகு நனைந்து கிடக்கிறது. கூட வந்தவர்கள் காத்திருக்க முடியாதென்று முன்னே நடக்கிறார்கள். மர்சலின் ஊசியை மடியில் போட்டுவிட்டு விசும்பினாள். வால்டர்கூடக் காலை மடக்கிக்கொண்டான். ஸ்தனிஸ்லாஸின் குரல் மட்டும் கல்யாண வீட்டில் சந்தனம் கொடுக்கிறவன் குரல்போல் கணீரென்று ஏறிக்கொண்டே போயிற்று.

"யோவ்" என்றாள் ஆனி. "சாவு படிக்கிற மூஞ்சியா இது? பல்லு முப்பத்திரண்டும் தெரியுது."

"இல்லியே" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டார். அடுத்த வரியில் தேவகி தன் சேலையைக் கிழித்துத் தகப்பனாரின் முகத்தை மூடினாள். அவ்வளவு பொடி எழுத்தில் அந்தச் சேலையின் கரை நிறத்தைக்கூட எழுதியிருந்தார்கள். உதட்டைக் கடித்துப் பார்த்தார், அடங்கவில்லை. சிரித்த முகத்தோடேயே, ஒரு வரி விடாமல், கிழவரை அடக்கம் செய்து முடித்தார்.